கறுப்புச் சாளரத்தின் உரிமை: மேசைக்கணினி ஊடக மென்பொருள்களின் இருண்ட தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசை கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் மேசைக்கணினியிலே பயன்படும் பழைய மென்பொருள்களைக் கறுப்பு நிறத்திற் காணவேண்டும் என்ற விருப்பம் அண்மைக் காலத்திற் பரவலாக எழுந்துள்ளது. 2018ஆம் ஆண்டிலே அப்பிள், மைக்ரோசொஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் தத்தம் இயக்குதளங்களில் ‘இருள்நிலை’ என்னும் தெரிவினை விரிவாகப் புகுத்தின. அதன் பின்னர், திரை முழுவதும் கறுத்திருக்க, முன்னர் எழுதப்பட்ட மென்பொருள்கள் மாத்திரம் வெள்ளையாகவும் வெளிர் சாம்பலாகவும் பளிச்சிட்டு நிற்பது பலரின் கண்களை உறுத்தலாயிற்று. இதனை வெறும் அலங்கார நாட்டமெனக் கொண்டு ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, ஒரு சாளரத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் உரிமை இயக்குதளத்தை ஆக்கியோருக்குரியதா, மென்பொருளை எழுதியோருக்குரியதா, அதன் முன் அமர்ந்திருப்பவருக்குரியதா என்னும் வினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். அவ்வுரிமை கைமாறி வந்த வரலாற்றை, விண்டோஸ் இயக்குதளத்தைப் பிரதான களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினித் திரையின் இயல்பான நிறம் வெள்ளையன்று என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 1978இல் வெளியான வி.ரி. 100 முனையம், 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணினியோடு வந்த பச்சை எழுத்துத் திரை ஆகியன கரிய பின்னணியில் ஒளிரும் எழுத்துக்களையே காட்டின. இலத்திரன் கற்றை படாத இடம் இருண்டிருப்பது கதோட்டுக் குழாயின் இயற்கை. அதற்கு மாறாக, திரையைக் காகிதமாகக் கருதும் நோக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே உருவாயிற்று. 1973இல் அங்கு அமைக்கப்பட்ட ஆல்ட்டோவும், 1981இல் விற்பனைக்கு வந்த ஸ்டாரும், 1984இல் அப்பிள் வெளியிட்ட மக்கின்டொஷும் வெள்ளைத் தாளிற் கறுப்பு மையென்னும் உவமையைத் திரையில் நிலைநாட்டின. கடிதமும் கணக்கேடும் எழுதும் அலுவலகத்திற்கு இவ்வுவமை மிகப் பொருத்தமானது. பாட்டுக் கேட்பவனுக்கும் படம் பார்ப்பவனுக்கும் அது பொருந்துமா என்பதை அன்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. கணினி அப்போது பாடத் தொடங்கியிருக்கவில்லை.

விண்டோஸ் தளத்திற்கு ஊடக இயக்கி முதன்முதலாக வந்தது 1991இல், 3.0 பதிப்போடு இணைத்து வழங்கப்பட்ட பல்லூடக விரிவாக்கத்தின் வாயிலாகவேயாம். அது ஒரு சிறிய, எளிய சாளரம். தனக்கென நிறமெதுவும் அற்றது. இங்குதான் பின்னைய வரலாற்றுக்கு இன்றியமையாத ஓர் ஏற்பாட்டினைக் காண்கின்றோம். சாளரத்தின் பின்னணி, எழுத்து, தலைப்புப் பட்டை, பொத்தானின் முகப்பு என ஒவ்வொன்றுக்கும் உரிய நிறத்தை இயக்குதளம் ஓர் அட்டவணையிற் பேணிவந்தது. மென்பொருள் தன் சாளரத்தை வரையும்போது அவ்வட்டவணையைக் கேட்டறிந்து வரைய வேண்டும். அட்டவணையை மாற்றும் உரிமையோ பயன்படுத்துவோரிடம் விடப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறந்து எந்த நிறத்தையும் எதற்கும் இடலாம். 1992இன் 3.1 பதிப்பு சில ஆயத்தத் தொகுதிகளையும் வழங்கிற்று. அவற்றுள் ‘கறுப்புத் தோற் சட்டை’ என ஒன்றும், சிவப்பும் மஞ்சளும் கலந்து கண்ணைக் கூசச்செய்யும் ‘ஹொட்டோக் கடை’ என மற்றொன்றும் இருந்தன. பின்னது எவருக்காக ஆக்கப்பட்டது என்பது இன்றும் நகைப்புக்குரிய விடயமாகவே உள்ளது. ஆனால், அத்தகைய விகாரத்தையும் விரும்பினால் அணிந்துகொள்ளலாம் என்பதே அவ்வேற்பாட்டின் சனநாயகப் பண்பு எனலாம்.

1995 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் 95 இவ்வட்டவணைக்கு ஒரு புதிய பயனைக் கொடுத்தது. பார்வைக் குறைபாடு உடையோருக்கென ‘உயர் முரண்’ என்னும் நிறத் தொகுதிகள் அதிலே அமைக்கப்பட்டன; அவற்றுள் ஒன்று கரிய பின்னணியில் வெள்ளை எழுத்தைக் கொண்டது. மூன்று சாவிகளை ஒருங்கே அழுத்தி இதனை ஒரு கணத்திலே இயக்கலாம். இன்று நாகரிகமெனக் கொள்ளப்படும் இருண்ட தோற்றம் விண்டோஸ் தளத்திலே முதலில் ஒரு மருத்துவத் தேவையாகவே முறைப்படுத்தப்பட்டது என்பது பலரும் கவனியாத உண்மை. கண்வில்லை மங்கியவருக்கு வெள்ளைத் திரை ஒளியைச் சிதறடித்து எழுத்தை மூழ்கடித்துவிடும். அவருக்குக் கறுப்புப் பின்னணி விருப்பமன்று; வாசிப்பதற்கான வழி. எனவே ஒரு மென்பொருள் அட்டவணையை மதித்ததா இல்லையா என்பது அவரைப் பொறுத்தவரை அம்மென்பொருளைப் பயன்படுத்த முடியுமா முடியாதா என்பதாகவே அமைந்தது. பின்னணி நிறத்தை அட்டவணையிலிருந்து பெற்று, எழுத்தின் நிறத்தை மட்டும் தானே கறுப்பென நிர்ணயித்த மென்பொருள்கள் பலவற்றில் கறுப்பின்மேற் கறுப்பெழுத்தே எஞ்சிற்று.

இனி, ஊடக மென்பொருளுக்கும் இருளுக்கும் உள்ள உறவினைத் தனித்து நோக்குதல் வேண்டும். அது திடீரெனத் தோன்றிய உறவன்று. பிரான்சிலே கொப்லின் சாயச்சாலையின் பணிப்பாளராயிருந்த இரசாயன அறிஞர் செவ்ரல், ஒரு நிறம் அதன் அயலிலுள்ள நிறத்தாலே மாறித் தோன்றும் என்பதை 1839இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக விளக்கினார். 1967இலே பார்ட்டில்சன், பிரெனமன் என்னும் இருவரும் படமொன்றைச் சூழ்ந்துள்ள வெளிச்சம் அப்படத்தின் ஒளி வேறுபாட்டை நாம் உணரும் முறையை மாற்றிவிடும் எனக் காட்டினர். இருண்ட அரங்கில் திரையிடப்படும் திரைப்படப் பிரதியை வெளிச்சத்திற் பார்க்கும் அச்சுப் படத்தைவிடக் கூடிய முரணோடு ஆக்கவேண்டியிருப்பது இதனாலேயே. படத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டம் ஒளிர்ந்தால் படத்தின் நிழற்பகுதிகள் கண்ணுக்கு மேலும் கரியனவாகத் தோன்றி விபரமிழக்கும். ஆகவே அசையும் படத்தைக் காட்டும் சாளரம் இருண்டிருக்க வேண்டும் என்பதற்குக் கட்புலன் சார்ந்த நியாயம் உண்டு. இசைக்கு அத்தகைய நியாயம் எதுவுமில்லை. இசை இயக்கிகள் கறுத்தமைக்குக் காரணம் வேறு: அவை ஒரு பொருளைப் போல நடித்தன. 1970களில் வெள்ளி நிறமாயிருந்த ஒலிபெருக்கிக் கருவிகள் 1980களிற் கறுப்பு முகப்பும் ஒளிரும் பச்சை, நீல எண்களும் கொண்டனவாக மாறியிருந்தன. கணினியிற் பாட்டுக் கேட்கத் தொடங்கிய தலைமுறை வீட்டு அலுமாரியிலே கண்டு பழகியது அக்கருவியையே.

1997 ஏப்ரிலில் ஜஸ்டின் ஃபிராங்கல், டிமிட்ரி போல்டிரெவ் ஆகியோர் வெளியிட்ட வினாம்ப் இந்நடிப்பினை நிறைவு செய்தது. அதன் பிரதான சாளரம் 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமும் மாத்திரமே கொண்டது. கருஞ்சாம்பல் முகப்பிலே பச்சை எண்கள் ஒளிர, விண்டோசின் தலைப்புப் பட்டையோ பட்டியலோ எதுவுமின்றி ஒரு சிறு வானொலிப் பெட்டி போல அது திரையிற் கிடந்தது. இயக்குதளத்தின் நிற அட்டவணையை அது பொருட்படுத்தவில்லை. தன் முழு முகத்தையும் தானே படங்களிலிருந்து வரைந்துகொண்டது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பின் காலத்தில் ‘ஸ்கின்’ எனப்பட்ட மேற்றோல்கள் பெருகலாயின. இவற்றின் அமைப்பு வியக்கத்தக்க அளவு எளியது. பொத்தான்கள், எண்கள், நகரும் குமிழ்கள் ஆகியவற்றின் படங்களையும், பாடற் பட்டியலின் எழுத்து நிறத்தைக் கூறும் சிறு உரைக்கோப்பினையும் ஒரே பொதியாகச் சுருக்கினால் ஒரு மேற்றோல் ஆயத்தம். நிரலெழுத அறியாத மாணவனும் சாதாரண வரைதல் மென்பொருளைக் கொண்டு ஒரு மாலைப்பொழுதிலே தன் இயக்கியைக் கறுப்பாக்கிவிட முடிந்தது. பிற்காலத்திலே தொகுத்துப் பேணப்பட்டுள்ள வினாம்ப் மேற்றோல்களின் எண்ணிக்கை 65,000ஐத் தாண்டுகின்றது. கணினி வரலாற்றிலே ஒரு மென்பொருளின் முகத்தை அதன் பயனாளர்கள் இத்துணைப் பெருந்தொகையாகத் திருத்தியமைத்த நிகழ்ச்சிகள் மிகச் சிலவே.

இதனை விடுதலை என மட்டும் கூறிவிட முடியாது. வினாம்பின் மேற்றோல் வினாம்புக்கு மட்டுமே உரியது. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்டின் ஊடக இயக்கி ஏழாம் பதிப்போடு தனக்கும் மேற்றோல்களை ஏற்றுக்கொண்டது. அவை வேறொரு முறைக்கு அமைந்தவை. அப்பிளின் குவிக்டைம் இயக்கியோ 1999இன் நான்காம் பதிப்பிலே தேய்த்த உலோகத் தகடு போன்ற தோற்றத்தைப் பூண்டு, அதனை மாற்றும் வழியெதனையும் வைக்கவில்லை. முன்னர் ஓரிடத்தில் ஒருமுறை மாற்றினால் எல்லாச் சாளரங்களும் மாறிய நிலை போய், ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு சிற்றரசாயிற்று. உயர் முரணை நம்பியிருந்தவர் இச்சிற்றரசுகளின் வாயிலிலே நிறுத்தப்பட்டார். அவர் கேட்டறிந்த அட்டவணையை இவை எவையும் வாசிப்பதில்லை. இளைஞருக்கு வேடிக்கையாயிருந்த அதே மாற்றம் அவருக்கு இழப்பாயிருந்தது என்பதை மேற்றோற் காலத்தைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

2001 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அது நிற அட்டவணைக்கு மேலாக, சாளரத்தின் ஒவ்வோர் உறுப்பினையும் படங்களால் வரையும் ‘காட்சிப் பாணி’ என்னும் முறையைக் கொண்டுவந்தது. அதாவது, வினாம்ப் தனக்குச் செய்துகொண்டதை இயக்குதளம் எல்லா மென்பொருள்களுக்கும் செய்ய முன்வந்தது. கொள்கையளவில் இருண்ட பாணி ஒன்றினை இட்டால் அதனைப் பின்பற்றும் மென்பொருள்கள் எல்லாம் ஒருங்கே கறுத்திருக்கும். ஆனால் நீலம், இலைப்பச்சை, வெள்ளி ஆகிய மூன்று வெளிர் வகைகளே வழங்கப்பட்டன. மைக்ரோசொஃப்டின் இலத்திரன் ஒப்பம் இல்லாத எந்தப் பாணியையும் இயக்குதளம் ஏற்க மறுத்தது. ஒப்பத்தைச் சோதித்த காவலன் ‘யூ.எக்ஸ்.தீம்’ என்னும் முறைமைக் கோப்பு. அக்கோப்பைத் திருத்தி மாற்றியமைத்துத் தடையை நீக்கும் வழியைப் பயனாளர்கள் விரைவிலேயே கண்டுபிடித்தனர். எனினும் அது இடர் மிக்க வழி. இயக்குதளத்தின் பாதுகாப்பு மாற்றப்பட்ட கோப்பினை மீட்டுவிடும். 2004இன் இரண்டாஞ் சேவைத் தொகுதி போன்ற திருத்தங்கள் வந்தபோது பழைய திருத்தம் பயனற்றுப்போய்ப் புதியது தேடவேண்டியதாயிற்று. கணினியின் நிறத்தை மாற்றுவதற்கு அதன் உள்ளுறுப்பிலே அறுவை செய்யவேண்டியிருந்த காலம் அது.

ஒப்பமிட்ட இருண்ட பாணிகள் எக்ஸ்.பி.க்கு ஒருபோதும் கிடைக்கவில்லை என்று கூறலாகாது. அவை இரண்டு, இரண்டுமே ஊடகத்தோடு தொடர்புற்றவை. வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக ஆக்கப்பட்ட ‘மீடியா சென்ரர்’ பதிப்பு 2004 ஒக்டோபரிலே ‘ரோயல்’ எனும் பளபளப்பான நீலப் பாணியுடன் வெளிவந்தது. அதன் முற்றுப்பெறாத கரிய வடிவமொன்று, ‘ரோயல் நுவார்’ என்ற பெயரில், 2006இன் பிற்பகுதியிற் கசிந்து பரவிற்று. அதே காலத்தில் ‘சூன்’ என்னும் கையடக்க இசைக்கருவியை விளம்பரப்படுத்தும் பொருட்டு கருஞ்சாம்பல் நிறமும் செம்மஞ்சட் பொத்தானும் கொண்ட பாணியை மைக்ரோசொஃப்ட் தானே வெளியிட்டது. இவை ஒப்பம் பெற்றிருந்தமையால் எவ்விதத் திருத்தமுமின்றி இயங்கின. ஐந்தாண்டு பூட்டி வைத்த கதவு ஒரு விளம்பரத்திற்காகவும் ஒரு கசிவினாலும் திறந்தது. இருட்தோற்றத்தின்மீது நிறுவனத்திற்கு வெறுப்பேதும் இருந்ததாகத் தெரியவில்லை. அதனை அளிக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதே அதன் நோக்கமாயிருந்தது எனக் கருத இடமுண்டு.

அந்நிறுவனத்தின் சொந்த ஊடக இயக்கியும் நிலையாக நிற்கவில்லை. 2006 ஒக்டோபரின் பதினோராம் பதிப்பு மேலும் கீழும் பளபளக்கும் கறுப்புப் பட்டைகளோடு வந்தது. ஆயினும் நடுவிலிருந்த பாடற் பட்டியல் வெள்ளையே. 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த பன்னிரண்டாம் பதிப்பின் நூலகச் சாளரம் மீண்டும் வெளிர் நீலத்திற்குத் திரும்பிற்று. முன்னைய கறுப்பை விரும்பியோருக்கு அதனை மீட்கும் தெரிவு எதுவும் வைக்கப்படவில்லை. இதற்கு நேரெதிராக, படத்தைத் தொழிலாகக் கொண்டோருக்கான மென்பொருள்கள் செவ்ரலின் பாடத்தைப் படிப்படியாக ஏற்றன. அடோபியின் லைட்ரூம் 2007இலே பிறக்கும்போதே கருஞ்சாம்பலாயிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிர் நிறத்தில் நின்ற ஃபோட்டோஷொப் 2012இன் சி.எஸ். 6 பதிப்பிலே இருண்ட முகத்தை இயல்புநிலையாக்கிற்று. கவனத்திற்குரியது யாதெனில், நான்கு படிநிலைச் சாம்பல்களுள் வேண்டியதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பினையும் அது உடன் வைத்தது என்பதே.

2016 ஓகஸ்டில் விண்டோஸ் 10 தன் அமைப்புப் பலகத்திலே இருள்நிலைத் தெரிவினை வெளிப்படையாக வைத்தது. 2018 செப்டெம்பரில் அப்பிளின் ‘மொஹாவி’ முழுமையான இருள்நிலையோடு வந்தது. அடுத்த மாதமே விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு கோப்புத் தேடுசாளரத்தையும் கறுப்பாக்கிற்று. இங்கு ஓர் ஐயம் எழலாம்: எக்ஸ்.பி.யின் காட்சிப் பாணியோ அதற்கு முந்திய அட்டவணையோ எல்லா மென்பொருள்களையும் எட்டியிருக்க, புதிய இருள்நிலை ஏன் பழையனவற்றை எட்டவில்லை? விடை எளிது. விண்டோசின் புதிய தெரிவு பழைய நிற அட்டவணையைத் தொடுவதேயில்லை. அட்டவணை வெள்ளையென்றே சொல்லிக்கொண்டிருக்க, இருள்நிலை தனியொரு குறிப்பாக வேறிடத்திலே பதியப்படுகின்றது. அக்குறிப்பை நாடி வாசித்துத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ள எழுதப்பட்ட மென்பொருள் மட்டுமே கறுக்கும். 2016க்கு முன் எழுதியவர் இல்லாத குறிப்பை எவ்வாறு வாசித்திருப்பார்? அட்டவணையை மாற்றியிருந்தால், எழுத்தின் நிறத்தைத் தாமே நிர்ணயித்த எண்ணற்ற மென்பொருள்களிற் கறுப்பின்மேற் கறுப்பு தோன்றியிருக்கும் என்பது உண்மையே. உயர் முரண் பயனாளர் 1995 முதல் அனுபவித்த அவ்வல்லல் எல்லோருக்கும் நேர்ந்துவிடக்கூடாது என்றே புதிய வழி வகுக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.

இதனினும் விசித்திரமானது ஒன்றுண்டு. தேடுசாளரத்தின் நகர்த்துபட்டை, பட்டியல், வலச்சொடுக்கு நிரல் ஆகியவற்றைக் கறுப்பாக்கும் செயற்கூறுகள் 1809ஆம் பதிப்பிலே அதே யூ.எக்ஸ்.தீம் கோப்பினுள் வைக்கப்பட்டன. ஆனால், அவற்றுக்குப் பெயர் வைக்கப்படவில்லை. எண் மட்டுமே இருந்தது. அவை ஆவணப்படுத்தப்படவுமில்லை. வெளி நிரலாளர்கள் கோப்பினைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்து அவ்வெண்களின் பயனை அறிந்தனர். அடுத்த ஆண்டின் 1903ஆம் பதிப்பிலே 135 என்னும் எண்ணுக்குரிய செயற்கூறு வேறொன்றாகிவிட்டது. முன்னையதை நம்பி எழுதியோர் பதிப்பினைச் சோதித்துத் தக்கவாறு அழைக்கவேண்டியதாயிற்று. 2001இலே பூட்டாக நின்ற கோப்பு 2018இலே பெயர்ப்பலகையற்ற கதவாயிற்று.

இந்நிலையிற் பழைய ஊடக மென்பொருள்கள் வெவ்வேறு கதியடைந்தன. வினாம்பின் நிறுவனத்திற்காக முன்னர் பணியாற்றிய பீட்டர் பவ்லோவ்ஸ்கி 2002இல் வெளியிட்ட ஃபூபார் 2000, மேற்றோல்களை அறவே விரும்பாத எளிய இயக்கி. அதன் பாடற் பட்டியலின் நிறங்களைப் பயனாளர் நெடுங்காலமாகவே மாற்ற முடிந்தது; நிரற்பட்டையும் நகர்த்துபட்டையும் இயக்குதளத்தின் வசமிருந்தமையால் அவை வெளிறியே நின்றன. கரிய பட்டியலின் ஓரத்தே வெள்ளைக் கோடாக ஓடும் நகர்த்துபட்டை அக்காலத்து அரைகுறை இருளின் அடையாளமாயிருந்தது. 2023இன் இரண்டாம் பதிப்பே முழு இருளையும் கொணர்ந்தது. பழைய 6.4 ஊடக இயக்கியின் முகத்தை வேண்டுமென்றே பின்பற்றிய ‘மீடியா பிளேயர் கிளாசிக்’ மரபின் எம்.பி.சி. எச்.சி. 2017 யூலையில் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. மூல நிரல் திறந்திருந்தமையால் வேறொருவர் அதனைத் தொடர்ந்து, உறுப்புக்களைத் தாமே வரைந்து இருண்ட தோற்றம் அளித்தார். பாரிசின் பொறியியற் கல்லூரியொன்றிலே மாணவர் திட்டமாகத் தொடங்கிய வி.எல்.சி. இயக்கியோ மேற்றோல் முறையைத் தன்னுள் கொண்டிருந்தும், 2018 பெப்ரவரியின் 3.0 பதிப்பினை விண்டோசில் வெளிர் முகத்தோடேயே வெளியிட்டது. மேற்றோலை இட்டாலும் அமைப்புச் சாளரத்தைத் திறந்ததும் வெள்ளை மீண்டும் முகத்திலறையும். நிரல் மூடப்பட்டு, ஆக்கியோரும் கைவிட்ட மென்பொருள்களுக்கு இவ்வழிகள் எதுவுமில்லை.

இரவிலே கரிய திரை கண்ணுக்கு இதமானது என்னும் பொதுக்கருத்தினை இவ்விடத்து அளவோடு ஏற்பதே தகும். வெளிர் பின்னணியிலுள்ள கறுப்பெழுத்தையே இயல்பான பார்வையுடையோர் கூர்மையாக வாசிக்கின்றனர் என்பதைச் சோதனைகள் பல காட்டியுள்ளன. வெளிச்சத்திலே கண்மணி சுருங்குவதால் உருவம் தெளிவடைகின்றது. ஆயிரம் பாடல்களின் பட்டியலை வாசிப்பவருக்கு ஒரு நிறமும், படத்தை நோக்குபவருக்கு வேறொரு நிறமும் பொருத்தமாயிருத்தல் இயல்பே. கண்வில்லை மங்கியவருக்கு மூன்றாவதொன்று வேண்டும்.

கைவிடப்பட்ட பழைய ஊடக மென்பொருளை இன்றைய விண்டோசிலே கறுப்பாகக் காண விழைவோருக்கு எஞ்சியுள்ள வழி, 1995இல் பார்வை குன்றியோருக்கென வைக்கப்பட்ட உயர் முரணேயாகும். அது மட்டுமே இன்றும் அட்டவணையை மெய்யாக மாற்றுகின்றது. விண்டோஸ் 11 அதற்கு ‘முரண் பாணிகள்’ எனப் பெயரிட்டு, நிறங்களைப் பயனாளரே தெரிவுசெய்யவும் விட்டுள்ளது. 1991இன் ஏற்பாட்டைப் பின்பற்றிய மென்பொருள்கள் அதற்கு உடனே பணிகின்றன. எழுத்தைக் கறுப்பென நிர்ணயித்தவை முன்போலவே கறுப்பின்மேற் கறுப்பாய் மறைகின்றன. வினாம்பின் இரண்டாம் பதிப்பு இரண்டையும் கேளாது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எவனோ ஒரு மாணவன் வரைந்த கரிய மேற்றோலோடு அந்த 275 புள்ளி அகலத்திலே தன்பாட்டிற் பாடிக்கொண்டிருக்கின்றது.